இணைக்கவர்ச்சுட்டியின் வரலாறு: பெயரறியும் கலையும் அதன் சமூகப் பின்னணியும்

விஞ்ஞான வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கொள்கைகளின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். கூர்ப்புக் கொள்கை, கலக்கொள்கை, பிறப்புரிமையியல் என்றவாறு பெருங்கோட்பாடுகள் அத்தியாயங்களாக விரிகின்றன. அக்கோட்பாடுகளுக்கு அடித்தளமிட்ட அன்றாடக் கருவிகளும், அவற்றைக் கையாண்ட மனிதரும் அடிக்குறிப்புகளாகச் சுருங்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுக்கப்பட்ட கருவிகளுள் ஒன்று இணைக்கவர்ச்சுட்டி. எமது பாடசாலை விஞ்ஞான நூல்களில் இது சில பக்கங்களில் கற்பிக்கப்பட்டு, பரீட்சை முடிந்ததும் மறக்கப்படுகின்றது. யாருக்காக இது இயற்றப்பட்டது, யார் கையில் இது சேர்ந்தது, யாருக்கு எட்டாது போயிற்று என்னும் வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுட்டி இயங்கும் முறையை முதற்கண் தெளிவுபடுத்திக் கொள்வோம். பனை, தென்னை, கமுகு, கித்துள் ஆகிய நான்கையும் அறியாத ஒருவரிடம் அவற்றுள் ஒன்றைக் காட்டுகின்றோம் எனக் கொள்க. ஓலை விசிறிபோல விரிந்துள்ளதா, அன்றி இறகுபோல நீண்டுள்ளதா என்பது முதல் வினா. விசிறியாயின் பனை, தேடல் முடிந்தது. இறகாயின் அடுத்த வினாவுக்குச் செல்லல் வேண்டும்: சிற்றிலைகள் மீன்வால்போல அகன்று மேலும் கிளைத்த காம்புகளில் அமைந்துள்ளனவா, அன்றி ஒரே நடுநரம்பின் இருமருங்கும் நிரல்பட்டுள்ளனவா? முன்னையதாயின் கித்துள். பின்னையதாயின், தண்டின் உச்சியைப் பச்சை நிறமான வழுவழுப்பான மடலுறை மூடியுள்ளதா என நோக்குதல் வேண்டும். மூடியிருப்பின் கமுகு, இல்லையேல் தென்னை. ஒவ்வொரு படியிலும் இரண்டே பாதைகள். அவை ஒன்றையொன்று மறுப்பவை. இவ்வாறு பத்துப் படிகள் சீராகக் கவர்விடின் 1,024 இனங்களை வேறுபடுத்தலாம்; பன்னிரண்டு படிகளாயின் 4,096. மூவாயிரத்துக்கு மேற்பட்ட இலங்கையின் பூக்குந் தாவரங்கள் அனைத்தும் கொள்கையளவிலேனும் இதனுள் அடங்கிவிடும். இயற்கை அத்துணைச் சீராகக் கவர்விடுவதில்லை என்பது வேறு விடயம்.

மேற்காட்டிய சிறு சுட்டியைத் தாளிப்பனையின் முன் நின்று பயன்படுத்துவோர் அதனைப் பனை என்றே முடிவு செய்வர். ஈச்சமரத்தின் முன் நிற்பவருக்கு அது தென்னை என்ற விடை கிடைக்கும். இனம் பட்டியலில் இல்லாதபோதும் சுட்டி பெரும்பாலும் ஏதோவொரு பெயரை வழங்கியே தீரும். இக்குறையை மனத்திற் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றோம். கட்டுரையின் இறுதியில் இதற்கு மீளவேண்டியிருக்கும்.

பொருள்களை இரண்டிரண்டாகப் பகுத்துச் செல்லும் முறை மிகப் பழையது. பிளேட்டோ தமது சோபிஸ்ட் உரையாடலில் தூண்டிற்காரன் யார் என்பதை இவ்வாறே படிப்படியாகப் பகுத்து வரையறுத்துக் காட்டினார். அவருடைய மாணவரான அரிஸ்டோட்டில் விலங்குகளின் உறுப்புகள் பற்றிய நூலின் முதற் பகுதியில் இம்முறையைக் கடுமையாகச் சாடினார். நீரில் வாழ்வன, நிலத்தில் வாழ்வன என்று பகுத்தால் பறவைகள் சில ஒரு கிளையிலும் சில மற்றக் கிளையிலும் சிதறிவிடும். பறவை என்னும் இயல்பான கூட்டம் உடைந்துபோகும் என்பது அவரது வாதம். இவ்வாதம் நியாயமானது. ஆனால் அது வகைப்படுத்தலைப் பற்றியது. ஒரு பறவையின் பெயரை மட்டும் அறிய விரும்புபவனுக்குப் பறவைக்குலம் இரண்டு கிளைகளில் சிதறுவதால் நட்டம் எதுவுமில்லை. வகைப்படுத்தல் வேறு, இனங்காணல் வேறு என்ற இவ்வெளிய உண்மை தெளிவாக உணரப்படுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றன. எமது நோக்கில் இணைக்கவர்ச்சுட்டியின் வரலாற்றில் தலையாய செய்தி இதுவே.

தமிழ் மரபில் தொல்காப்பிய மரபியல் புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் இருகூறாக்கியமை பலராலும் எடுத்துக்காட்டப்படுவதாகும். அதன்படி நாம் மேலே கூறிய நான்கும் புல்லே. இதனைக் கொண்டு நவீன தாவரவியல் முழுவதும் எம்மிடம் முன்பே இருந்தது என முழங்குவோருமுளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. மரபியல் ஆசிரியரின் அக்கறை, எதன் உறுப்பை ஓலை எனலாம், எதன் உறுப்பை இலை எனலாம் என்னும் சொல்வழக்குப் பற்றியது. பெயர் தெரியாத செடியொன்றுக்குப் பெயர் காண்பது பற்றியதன்று. கூரிய அவதானிப்பு அங்கு உண்டு. அது விடையளிக்க முற்பட்ட வினா வேறு.

பெயர் தெரியாத செடிகள் பெருந்தொகையாக ஐரோப்பியரின் மேசைகளில் வந்து குவியத் தொடங்கியது பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளிலேயாகும். வாசனைத் திரவிய வாணிபமும் குடியேற்ற நாடுகளும் இதற்குக் காரணமாயின. 1670களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இலங்கையிற் பணியாற்றிய போல் ஹேர்மன் இங்குள்ள செடிகளைச் சேகரித்து உலர்த்தி, மக்கள் வழங்கிய பெயர்களையும் குறித்துச் சென்றார். அத்தொகுப்பை ஆராய்ந்தே, இலங்கையை ஒருபோதும் காணாத கார்ல் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். மூலிகை நூல்களில் அகரவரிசைப்படியோ மருத்துவப் பயன் கருதியோ செடிகளை அடுக்கும் பழைய ஒழுங்கு இப்பெருக்கத்தின் முன் பயனற்றதாயிற்று. பெயர் தெரிந்தவனுக்கே அகரவரிசை உதவும்.

இங்கிலாந்தில் ஜோன் வில்கின்ஸ் 1668இல் உலகப் பொதுமொழி ஒன்றுக்கான தமது திட்டத்தை வெளியிட்டபோது, தாவரங்களுக்கான அட்டவணைகளை ஆக்கும் பணியை ஜோன் ரேயிடம் ஒப்படைத்திருந்தார். முன்கூட்டியே வகுக்கப்பட்ட எண்ணிக்கைகளுக்குள் இயற்கையை அடக்கவேண்டி நேர்ந்தமையிட்டு ரே தம் கடிதமொன்றில் மனம் வருந்தினார். 1689இல் ரிச்சட் வோலர் என்பவர் லண்டன் றோயல் சங்கத்துக்கு ஆங்கிலேய மூலிகைகளின் அட்டவணைகளை நீர்வண்ண ஓவியங்களுடன் சமர்ப்பித்தார். செடியின் புறத்தோற்றத்தைக் கொண்டே அதன் பெயரைக் கண்டுபிடிக்கச் செய்வது அவரது நோக்கம். கிடைத்துள்ள இணைக்கவர்ச்சுட்டிகளுள் மிகப் பழையது இதுவே என அண்மைக்காலத்தில் வாதிக்கப்பட்டுள்ளது. எனினும் அது சங்கத்தின் ஏடுகளுள் முடங்கிவிட்டது. லின்னேயஸ் 1735இல் கேசரங்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் கொண்டு தாவரங்களை 24 வகுப்புகளாகப் பகுத்தார். அவருடைய நூல்களில் இவ்வகுப்புகளைக் காட்டும் அட்டவணை 'கிளாவிஸ்', அதாவது திறவுகோல், என இலத்தீனிற் பெயர் பெற்றது. ஆயின் அத்திறவுகோல் அவரது வகுப்புமுறையிலிருந்து பிரிக்கமுடியாதது. பெயரைத் தேடுபவன் அவருடைய அமைப்பையும் கூடவே ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்பின்னணியிலேதான் ஜோன் பப்டிஸ்ட் லமார்க்கின் வருகை பொருள் பெறுகின்றது. கழுத்து நீண்ட ஒட்டகச்சிவிங்கியோடு மட்டும் லமார்க்கைத் தொடர்புபடுத்திப் பழகிய எமது மாணவர் பலருக்கு, அவர் தாவரவியலாளராகவே புகழ் பெறத் தொடங்கினார் என்பது வியப்பாயிருக்கலாம். 1744இல் பிக்காடிப் பிரதேசத்தில் வறுமையுற்ற சிறு பிரபு குடும்பமொன்றிற் பிறந்த அவர், ஏழாண்டுப் போரிற் படைவீரராகப் போரிட்டார். உடல்நலக் குறைவினால் படையை விட்டு விலகி, பாரிசில் வங்கியொன்றிற் பணிபுரிந்தவாறே மருத்துவமும் தாவரவியலும் கற்றார். நகரத்து மத்தியதர வகுப்பினரிடையே செடிகளைத் தேடி வயல்வெளிகளுக்குச் செல்லும் ஆர்வம் அக்காலத்தில் ஓங்கியிருந்தது. ரூசோ இளந்தாய் ஒருவருக்கு எழுதிய தாவரவியற் கடிதங்கள் அவ்வார்வத்துக்குச் சான்று. ஆனால் நூல்களோ இலத்தீனில் இருந்தன. ஆசானின்றிப் பயில்வார்க்கு அவை வாயிற்படியிலேயே தடையாக நின்றன.

லமார்க் இயற்றிய பிரான்சியத் தாவர நூல் மூன்று தொகுதிகளைக் கொண்டது. தலைப்பேட்டில் 1778 என்ற ஆண்டைத் தாங்கியது. அது பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டமை முதற் சிறப்பு. இரண்டாவதும் முதன்மையானதுமான சிறப்பு, அவர் 'பகுப்பாய்வு முறை' என்று அழைத்த இருகவர்ப் பாதையாகும். வாசகன்முன் ஒருபோதும் இரண்டுக்கு மேற்பட்ட தெரிவுகளை வைத்தலாகாது. அவ்விரண்டும் ஒன்று மெய்யாயின் மற்றையது பொய்யாகுமாறு முரண்பட வேண்டும். கண்ணுக்குப் புலப்படும் எந்த உறுப்பையும் இதற்குப் பயன்படுத்தலாம் என்றார். இம்முறை முற்றிலும் செயற்கையானது என்பதை அவர் மறைக்கவில்லை. பெயரைக் கண்டடைவதற்கு ஒரு வழியும், இயற்கையில் தாவரங்களுக்கிடையேயுள்ள உறவை ஆராய வேறொரு வழியும் வேண்டும் என்று அவர் வெளிப்படையாகப் பிரித்துக் காட்டினார். அரிஸ்டோட்டிலின் கண்டனத்துக்கு இதனால் விடை கிடைத்தது எனலாம். பெயரறிந்த பின் ஏணி அகற்றப்படலாம். அது மாளிகையின் பகுதியன்று.

இத்தகைய மக்கள்நோக்குடைய நூல் எவ்வாறு வெளிவந்தது என்பதை நோக்குமிடத்து வரலாற்றின் முரண்கள் புலப்படும். அது அரச அச்சகத்தில் அரசாங்கச் செலவில் அச்சிடப்பட்டது. அதற்கு வழிசெய்தவர் அரச பூங்காவின் தலைவரான பூபோன். அவர் லின்னேயசின் முறையைப் பல்லாண்டுகளாக எதிர்த்து வந்தவர். இளைஞரொருவர் அதற்கு மாற்று முறையொன்றைக் கொணர்ந்தமை அவருக்கு உவப்பாயிற்று. 1779இல் லமார்க் விஞ்ஞானக் கழகத்தில் இடம்பெற்றதும் பூபோனின் ஆதரவினாலேயே. புரட்சிக்குப் பத்தாண்டுகள் முன்பாக, சாதாரண வாசகனுக்குக் கதவைத் திறந்த நூலொன்று அரசவைப் போட்டியொன்றின் துணைகொண்டே அச்சேறியது. தனிமனித நல்லெண்ணத்தை மட்டும் கொண்டு விஞ்ஞான வரலாற்றை விளக்க முற்படுவோர் இதனைச் சிந்தித்தல் தகும்.

இங்கிலாந்தில் நிலைமை வேறாயிருந்தது. அங்கு லின்னேயசின் 24 வகுப்புகளையே தொழிலாளர் தமதாக்கிக் கொண்டனர். லங்காஷயர்ப் பகுதிக் கைத்தறி நெசவாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுச்சாலைகளிற் கூடினர். ஆளுக்குச் சில பென்சுகள் சேர்த்துப் பொதுவில் நூல்கள் வாங்கினர். செடிகளைக் கைமாற்றிப் பெயர் கூறிப் பயின்றனர். அவர்களுள் ஒருவரான ஜோன் ஹோஸ்பீல்ட், அவ்வகுப்புகளின் பெயர்களைத் தாளில் எழுதித் தம் தறிக்கம்பத்தில் ஒட்டிவைத்து, நெய்துகொண்டே மனனஞ் செய்ததாகக் கூறியுள்ளார். கேசரங்களை எண்ணத் தெரிந்தாற் போதும் என்ற எளிமையே இதனைச் சாத்தியமாக்கியது. 1829இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக முதலுரை நிகழ்த்திய ஜோன் லின்ட்லி, லின்னேயசின் முறையைக் கைவிட்டு இயற்கை முறையை மேற்கொள்ளல் வேண்டும் என்று வாதாடினார். விஞ்ஞான நோக்கில் அவர் பக்கமே நியாயம் இருந்தது. ஆயினும் இயற்கை முறையில் குடும்பமொன்றை உணரப் பல உறுப்புகளை ஒருங்கே நோக்கும் பயிற்சி வேண்டும். தறியில் அமர்ந்தவாறு அதனை மனனஞ் செய்தல் இயலாது. முன்னேறிய அறிவு, முன்பு கிடைத்த கைப்பிடியைச் சாதாரண மக்களிடமிருந்து பறிக்கும் நிலை தோன்றிற்று.

இந்த இடைவெளியை நிரப்பியவர்களுள் முதன்மையானவர் ஜோர்ஜ் பெந்தம். இளமையிற் பிரான்சில் வாழ்ந்த காலத்தில் லமார்க்கின் நூலை டி கன்டொல் திருத்திய மூன்றாம் பதிப்பு அவருடைய வீட்டிற்கு வந்தது. அதிலிருந்த பகுப்பாய்வு அட்டவணைகளே அவரைத் தாவரவியலுக்கு ஈர்த்தன. அவருடைய பெரிய தந்தையாரோ பயன்பாட்டுவாதத்தின் தந்தை எனப்படும் ஜெரமி பெந்தம். மத்தியதர வகுப்பினரின் பிள்ளைகளுக்கான பாடசாலைத் திட்டமொன்றை விளக்கும் கிறெஸ்டோமேதியா என்ற நூலில் அறிவுத்துறைகள் அனைத்தையும் எச்சமின்றி இருகூறாக்கும் முறையை ஜெரமி வற்புறுத்தியிருந்தார். அப்பகுதியை ஜோர்ஜ் 1823இல் பிரெஞ்சில் தந்தார். 1827இல் அளவையியல் நூலொன்றையும் எழுதினார். தத்துவவாதியின் சட்டகமும் செடிதேடுபவனின் கைநூலும் ஒரே குடும்பத்திற் சந்தித்தமை தற்செயலாயினும், ஒவ்வொன்றையும் எண்ணி அடுக்கிப் பயன்கொள்ள விழைந்த அக்கால முதலாளித்துவச் சமுதாயத்தின் மனப்போக்கு இரண்டிலும் தெரிகின்றது. 1858இல் ஜோர்ஜ் பெந்தம் பிரித்தானியத் தாவரக் கைநூலைத் தொடக்கநிலையாளருக்கும் ஆர்வலருக்கும் என்றே தலைப்பிற் குறித்து வெளியிட்டார். தாவரங்கள் இயற்கை முறைப்படி அடுக்கப்பட்டன. அவற்றைச் சென்றடைய இணைக்கவர்ச்சுட்டி துணையாயிற்று. லமார்க் பிரித்துவைத்த இரு வழிகளும் ஒரே நூலுள் அமைந்தன.

அதே காலப்பகுதியில் கியூ பூங்காவை மையமாகக் கொண்டு குடியேற்ற நாடுகளின் தாவரங்களை ஆங்கிலத்தில் விவரிக்கும் நூல்வரிசை உருவாயிற்று. ஹொங்கொங் பற்றிய நூலை 1861இலும், அவுஸ்திரேலியா பற்றிய ஏழு தொகுதிகளை 1863 முதல் 1878 வரையும் பெந்தம் எழுதினார். அவுஸ்திரேலியாவில் அவர் காலடி வைத்ததேயில்லை. இலங்கைக்குரிய கைநூலைப் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி டிரிமன் 1893 முதல் வெளியிட்டார். 1896இல் அவர் காலமாக, எஞ்சிய பகுதிகளை ஜோசப் ஹூக்கர் 1900இல் நிறைவு செய்தார். அந்நூலின் பெருமையைக் குறைத்துக் கூறுவது எமது நோக்கமன்று. பல தலைமுறைகளாக இலங்கைத் தாவரவியலின் அடிப்படை நூலாக அது விளங்கியது. அதனைப் புதுப்பிக்கும் பெரும்பணி 1980 முதல் பல தொகுதிகளாக வெளிவந்தது.

எனினும் டிரிமனின் கைநூலில் சுட்டி யாருடைய கண்களால் உலகைக் காண்கின்றது என்ற வினா எழுதல் தவிர்க்கமுடியாதது. செடிகளின் சிங்களப் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் அங்கு குறிக்கப்பட்டுள்ளன. பாலை மரத்துக்கு எதிரே 'பாலை' எனத் தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் நிற்கின்றது. பெயர் பதிவாயிற்று, அப்பெயரை வழங்கியவன் மரத்தை எவ்வாறு இனங்கண்டான் என்பது சுட்டியின் படியாக மாறவில்லை. வன்னிக் காட்டில் மரந்தறிப்பவன் பட்டையை வெட்டி, உள்ளே தெரியும் நிறத்தையும் வடியும் பாலையும் மணத்தையும் கொண்டு பெயர் சொல்வான். நாற்பதடி உயரத்தில் ஆண்டில் சில வாரங்களே பூக்கும் பூவைக் காத்திருக்க அவனால் இயலாது. கியூவுக்கு அனுப்பிய உலர்ந்த மாதிரியிலோ பூவும் காயும் எஞ்சும். மணமும் பாலும் எஞ்சா. எனவே பூவையும் காயையும் பெரிதும் சார்ந்த சுட்டிகள் உருவாயின. இது சதியன்று, உலர்த்தி அனுப்பக்கூடியதே அறிவெனக் கொள்ளப்பட்ட ஓர் உற்பத்தி முறையின் விளைவு. பேராதனைப் பூங்காவில் மூன்று தலைமுறைக்குக் குறையாது செடிகளை வரைந்த டி அல்விஸ் குடும்பத்தினரின் கூரிய கண்களும் இம்முறைக்கே உழைத்தன. மொழி மற்றொரு தடை. இலத்தீன் அறியாப் பிரான்சியனுக்காகத் தொடங்கிய முறை, இங்கு ஆங்கிலம் அறியாதவனை வெளியே நிறுத்தியது. தாய்மொழிக் கல்வி பாடசாலைகளிற் பரவியபின் சுட்டியின் தத்துவம் தமிழிற் கற்பிக்கப்பட்டது. ஆனால் வேலியோரத்துச் செடியொன்றைக் கையிலெடுத்துத் தேடப் புகும் மாணவன் திறக்கவேண்டிய பெருநூல்கள் ஆங்கிலத்திலேயே உள்ளன. திறவுகோல் என்னாது 'சுட்டி' என எமது சொல்லாக்க அறிஞர் பெயரிட்டமை ஒருவகையிற் பொருத்தமே. அது சுட்டிக்காட்டுகின்றது, பூட்டு இன்னும் திறக்கவில்லை.

இவையெல்லாம் செடிதேடும் பொழுதுபோக்குப் பற்றிய கவலைகள் எனக் கருதுவோருக்கு 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயை நினைவூட்ட விரும்புகின்றோம். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. பட்டினிக்கும் நோய்க்குமிடையேயுள்ள உறவை, அங்கு நிவாரணப் பணியில் ஈடுபட்ட சூரியமல் இயக்கத்து இடதுசாரிகள் நேரிற் கண்டனர். மழை பொய்த்து ஆறுகள் வற்றி, மணற்படுகைகளில் தேங்கிய குட்டைகளில் அனோபிலிஸ் குலிசிபாசிஸ் என்னும் நுளம்பு பெருகியது. வயல்நீரிலும் வேறிடங்களிலும் வாழும் ஏனைய அனோபிலிஸ் இனங்கள் பல இங்கு உண்டு. எண்ணெயும் ஆட்பலமும் எங்கே செலவிடப்படவேண்டும் என்பது பிடிபட்ட நுளம்பு எவ்வினம் என்பதில் தங்கியிருந்தது. சிறகின் மூன்றாம் நரம்பு பெரும்பாலும் கருமையாயிருத்தல் போன்ற நுண்ணிய குறிகளே அதனைத் தீர்மானித்தன. இலங்கையையும் உள்ளடக்கிய பிரித்தானிய இந்திய விலங்கு நூல்வரிசையில் அனோபிலிஸ்கள் பற்றிய கிறிஸ்டோபர்சின் தொகுதி, சுட்டிகளுடன், 1933இலேயே வெளிவந்திருந்தது.

ஆயினும் கண்ணாற் காணும் குறிகளுக்கும் எல்லையுண்டு. குலிசிபாசிஸ் என ஒரே பெயராற் சுட்டப்பட்டது உண்மையில் தோற்றத்தால் வேறுபடுத்தமுடியாத ஐந்து இனங்களின் கூட்டம் என்பது 1980 முதல் நடந்த நிறமூர்த்த ஆய்வுகளால் படிப்படியாகப் புலனாயிற்று. இலங்கையில் அவற்றுள் 'பி', 'ஈ' ஆகியவை உள்ளன. நோய் காவுவதில் 'ஈ'யே முதன்மையானது. எந்த இணைக்கவரும் சிறகையும் காலையும் நோக்கி இவ்விரண்டையும் பிரித்துவிட முடியாது.

2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னார்த் தீவின் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் இந்திய நகரங்களின் மலேரியா நுளம்பு கண்டறியப்பட்டது. அதற்குமுன் அது இத்தீவின் பட்டியலில் இருக்கவில்லை. பெண் நுளம்பின் வாயுறுப்பை அடுத்த பரிசத் தண்டில் வெள்ளைப் புள்ளிகள் தூவியிருத்தல் அதன் குறிகளுள் ஒன்று. இலங்கை இனங்களுக்கென மட்டும் முன்னர் இயற்றப்பட்ட சுட்டியொன்றில் அப்புள்ளிகளைப் பற்றிக் கேட்கும் வினாவுக்கு இடமிருந்திருக்கத் தேவையில்லை. தாளிப்பனையைப் பனை எனக் காட்டிய எமது சிறு சுட்டியைப் போலவே, அதுவும் அந்நுளம்புக்குப் பழகிய பெயர்களுள் ஒன்றையே வழங்கியிருக்கக்கூடும்.